இனியனின் இடது கையும் குடும்பக் குழுவும்

மாலை 6:10

இனியன்: [வீடியோ]

இனியன்: சித்தி, நான் பியானோ வாசித்தது, நேரம் கிடைக்கும்போது பாருங்கள். முதல் பக்கம் வரைக்கும் சரியாகப் போகிறது. இரண்டாம் பக்கத்தில் இடது முன்கை இறுகிவிடுகிறது, வேகம் தானாகக் குறைகிறது.

மீனா: தினமும் இதே புலம்பல்தான் வசந்தி. விரல் பயிற்சியை இன்னும் அரை மணி நேரம் கூட்டச் சொன்னேன். சரிதானே?

ரகு: விரலில் வலு இல்லை அக்கா, வேறென்ன. நான் கீபோர்டு கற்றபோது மாஸ்டர் புறங்கையில் ஒரு நாணயத்தை வைத்துவிடுவார். அது விழாமல் ஸ்கேல், அதாவது சுர வரிசை, முழுவதும் வாசிக்க வேண்டும். கை அசையவே கூடாது.

தாத்தா: பாட்டு நன்றாக இருக்கிறது கண்ணா. ஆனால் ஏன் போகப்போக கோபமாக வாசிக்கிறாய்?

இனியன்: கோபமெல்லாம் இல்லை தாத்தா 😅

மாலை 6:41

வசந்தி: பார்த்தேன். ஒலியை அணைத்துவிட்டு ஒரு தடவை, ஒலியோடு ஒரு தடவை.

வசந்தி: அக்கா, பயிற்சி நேரத்தைக் கூட்டாதே. விரல் நன்றாகத்தான் இருக்கிறது. மணிக்கட்டுதான் பூட்டிக் கிடக்கிறது.

வசந்தி: இனியா, உன் இடது சுண்டுவிரலைக் கவனி. சி சுரத்தைத் தொட அது மட்டும் தனியாக எட்டுகிறது, கை கூடப் போகவில்லை. கட்டைவிரல் ஜி-யை வாசிக்கும் நேரத்தில் சுண்டுவிரல் காற்றில் விறைத்து நிற்கிறது. அந்த விறைப்பைச் சுமப்பது முன்கை. ஒரு பக்கம் சுமக்கும், இரண்டு பக்கம் சுமக்காது.

ரகு: சுண்டுவிரல் பலவீனம் என்றுதானே நானும் சொன்னேன்?

வசந்தி: அது வேறு, இது வேறு அண்ணா. அகிலா இருக்கிறாளா? பிசியோதெரபிஸ்ட் சொன்னால்தான் உன்னிடம் எடுபடும்.

அகிலா: இருக்கிறேன் அத்தை. அப்பா, விரலுக்குள் அதை மடக்குகிற தசையே கிடையாது. உள்ளங்கையில் சின்னத் தசைகள் உண்டு, ஆனால் பெரிய இழுப்பெல்லாம் முன்கைத் தசைகளுடையது. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரலுக்கு வருகின்றன. உள்ளங்கைப் பக்கம் ஒரு குறுகலான வழிக்குள் 9 நாண்கள், கூடவே ஒரு நரம்பு.

அகிலா: இப்போதே செய்து பாருங்கள். மணிக்கட்டை உள்பக்கமாக முழுதும் மடக்குங்கள். அப்படியே வைத்துக்கொண்டு விரல்களை மூடி முஷ்டியாக இறுக்குங்கள்.

ரகு: மூட முடியவில்லையே!

மீனா: எனக்கும் பாதியில் நிற்கிறது

தாத்தா: எனக்கும்தான். வயதாகிவிட்டது என்று நினைத்தேன்.

அகிலா: வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை தாத்தா, எல்லோருக்கும் அப்படித்தான். மணிக்கட்டு கோணலாக நின்றால் எவ்வளவு பலமான விரலும் அரைகுறையாகத்தான் வேலை செய்யும்.

வசந்தி: அதேதான். இன்றைய பியானோவில் ஒரு கட்டையை இறக்கச் சுமார் 50 கிராம் எடை போதும். இறங்குவது ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். சும்மா கையைத் தளர்த்தி வைத்தாலே அந்த எடை வந்துவிடும். இதில் பலத்துக்கு எங்கே வேலை?

வசந்தி: அப்பாவின் காதுக்குக் கோபமாகக் கேட்டதும் இதனால்தான். கட்டை அடியைத் தொடுவதற்குச் சற்று முன்பே பியானோவுக்குள் இருக்கும் சுத்தியல் அதன் பிடியிலிருந்து விடுபட்டுத் தனியாகப் போய்க் கம்பியில் அடித்துத் திரும்பிவிடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் அந்த ஒலியில் எதுவும் மாறாது. இனியன் ஒவ்வொரு சுரத்தையும் அடிமட்டத்தில் போட்டு அழுத்திக்கொண்டே இருக்கிறான். அழுத்தத்தோடு அடுத்த சுரத்துக்குப் போனால் அது அடியாகத்தான் விழும்.

ரகு: சரி, அப்போது என் மாஸ்டரின் நாணயம்?

வசந்தி: அது மிகப் பழைய வழக்கம் அண்ணா. 1814-இல் லோஜியர் என்பவர் கைரோபிளாஸ்ட் என்று ஒரு கருவிக்குக் காப்புரிமையே வாங்கினார். கட்டைகளுக்கு முன்னால் இரண்டு இணைச் சட்டங்கள், இரண்டுக்கும் நடுவில் மணிக்கட்டு. மேலேயும் போகாது, கீழேயும் போகாது. அந்தக் காலப் பியானோவின் கட்டைகள் இன்றையதைவிட லேசு, இறங்கும் ஆழமும் குறைவு. அதில் விரலை மட்டும் வைத்து ஓரளவு ஓட்டிவிடலாம். உன் கீபோர்டும் அப்படித்தான், ஸ்பிரிங் கட்டை.

வசந்தி: இசையமைப்பாளர் ஷூமான் கதை தெரியுமா? 1830களின் தொடக்கத்தில் விரலைத் தனியாகப் பழக்க ஏதோ கருவி வைத்துப் பயிற்சி செய்தார். வலது கை கெட்டது. கருவிதான் காரணமா, வேறு நோயா என்று இன்றும் வாதம் நடக்கிறது. எப்படியோ, கச்சேரிப் பியானோ கலைஞராகும் எண்ணத்தை அவர் விட்டுவிட வேண்டியதாயிற்று.

மீனா: ஐயோ. அந்த அரை மணி நேரத்தை வாபஸ் வாங்குகிறேன்.

வசந்தி: அதே காலத்தில் இன்னொரு இசையமைப்பாளர் ஷோபான் நேரெதிர். முடிக்காமல் விட்ட பயிற்சிக் குறிப்புகளில் மணிக்கட்டைப் பாடகரின் மூச்சோடு ஒப்பிட்டிருக்கிறார். மாணவர்களுக்கு முதலில் முழுக்க வெள்ளைக் கட்டைகளான சி மேஜர் ஸ்கேல் கொடுக்க மாட்டார், கருப்புக் கட்டைகள் நிறைந்த பி மேஜர்தான். நீளமான விரல்கள் கருப்புக் கட்டைமேல் இயல்பாக உட்காரும், கை வளைந்து கொடுக்கும். நானும் புதிதாக வருபவர்களுக்கு அப்படித்தான் தொடங்குகிறேன். பெற்றோர்தான் "ஏன் இத்தனை கருப்பு?" என்று கேட்பார்கள்.

இனியன்: சித்தி, நான் இப்போது என்ன செய்ய வேண்டும்? நாளை வகுப்பு இருக்கிறது

வசந்தி: சரி, கதை போதும். பியானோ முன்னால் போய் உட்கார்.

வசந்தி: இடது கையில் சி, ஜி, ஈ, ஜி. விரல் 5, 1, 3, 1 (கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5). முதலில் ஈ-யை விட்டுவிடு. சி, ஜி மட்டும், மெதுவாக, மாற்றி மாற்றி. விரலைத் தூக்கி அடிக்காதே. பூட்டில் சாவியைத் திருப்புவது போல முன்கையைத் திருப்பு. சுண்டுவிரல் பக்கம் சாய்ந்தால் சி, கட்டைவிரல் பக்கம் சாய்ந்தால் ஜி.

அகிலா: சின்னத் திருத்தம் அத்தை. பார்க்க மணிக்கட்டு சுழல்வது போல இருந்தாலும் சுழல்வது முன்கையின் இரண்டு எலும்புகள், ஒன்றின்மேல் ஒன்று. மணிக்கட்டால் மேல் கீழும் பக்கவாட்டிலும்தான் போக முடியும். இதை இனியன் தெரிந்துகொண்டால் தவறான இடத்தில் முறுக்க மாட்டான்.

வசந்தி: ஆமாம், நல்ல வேளை சொன்னாய். அதனால்தான் முழங்கையை உடம்போடு ஒட்டி வைக்காதே என்பேன், அது இறுகினால் திருப்பமே வராது.

வசந்தி: அது சுலபமானதும் ஈ-யைச் சேர். இப்போதுதான் மணிக்கட்டின் வேலை. சி வரும்போது மணிக்கட்டு ஒரு நூலளவு இடது பக்கம் போய்ச் சுண்டுவிரலுக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஜி-க்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். நான்கு சுரத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு தட்டையான சின்ன வட்டம். விரல் எட்டிப் பிடிக்கக் கூடாது, கை விரலைக் கொண்டுபோய் விட வேண்டும்.

வசந்தி: வலது கையில் இரண்டிரண்டு சுரமாகச் சேர்த்து வாசிக்கச் சொல்லும் வளைகோடு, ஸ்லர், வருகிறதே, அங்கே முதல் சுரத்தில் மணிக்கட்டை இறக்கு. இரண்டாவதை வாசிக்காதே. மணிக்கட்டை மேலும் முன்னுமாக எழுப்பு, விரல் உருண்டு தானாக அந்தச் சுரத்தைத் தொட்டுவிட்டு வெளியே வரும். இரண்டாவது சுரம் முதலாவதைவிட மெல்லியதாகக் கேட்க வேண்டும். இரண்டும் ஒரே சத்தமாக இருந்தால் மணிக்கட்டு தாமதமாக எழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

இனியன்: போகிறேன்

இரவு 7:35

இனியன்: [வீடியோ]

ரகு: இது என்ன, கை நீச்சல் அடிக்கிறது

வசந்தி: அண்ணா சொன்னது சரி 😂 இனியா, ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு குலுக்கல் போடுகிறாய். நான் சொன்னது நான்கு சுரத்துக்கு ஓர் அசைவு. பாதியாகக் குறை, அப்புறம் அதிலும் பாதி. வேகம் ஏற ஏற அது பார்ப்பவர் கண்ணுக்கே தெரியாமல் போகும், உனக்கு மட்டும் தெரியும்.

ரகு: இணையத்தில் பெரிய பெரிய கலைஞர்கள் எல்லாம் கையை அப்படி வீசி எடுக்கிறார்களே?

வசந்தி: சுரம் முடிந்த பிறகு வீசுவதில் பாதி கேமராவுக்கு. சுரத்துக்கு முன்னால் என்ன செய்கிறார்கள் என்று பார். கை அங்கே எப்போதோ போய்க் காத்திருக்கும்.

வசந்தி: அக்கா, அவன் எதில் உட்கார்ந்திருக்கிறான்?

மீனா: சாதாரண நாற்காலிதான். பெஞ்ச் பழுதாகிவிட்டது.

வசந்தி: தாழ்வாக இருக்கிறது. முழங்கை கட்டைகளுக்குக் கீழே தொங்குகிறது, அதனால் மணிக்கட்டு ஒடிந்து நிற்கிறது. முன்கை தரைக்கு இணையாக, கட்டைகளின் மட்டத்துக்கோ ஒரு விரற்கடை மேலேயோ வர வேண்டும். தலையணை வைக்காதே, அமுங்கிவிடும். கெட்டியான பலகை ஏதாவது வை.

இனியன்: கடைசி வரியில் ஆக்டேவ் வருகிறதே சித்தி, அதற்கும் இதே வட்டமா?

வசந்தி: இல்லை. பியானோவில் ஓர் ஆக்டேவ், அதாவது ஒரு சி-யிலிருந்து அடுத்த சி வரை, சுமார் 16.5 சென்டிமீட்டர், உன் கைக்கு இப்போது அது விளிம்பு. ஒவ்வோர் ஆக்டேவுக்குப் பிறகும் கையை ஒரு கணம் சுருங்க விடு. விரித்தபடியே ஓடாதே. கை சுண்டுவிரல் பக்கம் ஒடிந்தால் உடனே நிறுத்து. மீதியை நேரில் பார்க்கலாம்.

அகிலா: இறுக்கம், களைப்பு என்றால் கையைத் தொங்கவிட்டு ஓய்வெடுத்தால் போய்விடும். வலி வந்தாலோ, கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப் போனாலோ வாசிப்பை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலியோடு பயிற்சி செய்வது வீரம் இல்லை.

மீனா: மரத்துப் போகிறதா என்று கேட்டேன். இல்லையாம். இறுக்கம் மட்டும்தான்.

இரவு 8:20

இனியன்: [குரல் செய்தி]

தாத்தா: இது நன்றாக இருக்கிறது. கோபம் போய்விட்டது.

வசந்தி: இடது கை மெல்லியதாகிவிட்டது, கேட்டாயா? முதல் வீடியோவில் அது மெட்டை மூடிக்கொண்டிருந்தது. மூன்றாவது வரியில் இன்னும் ஓர் இடத்தில் தட்டுகிறது, ஈ-யிலிருந்து ஜி-க்குப் போகும்போது. அங்கே கட்டைவிரல் வட்டத்தை விட்டு வெளியே போகிறது.

இனியன்: இரண்டாம் பக்க முடிவு வரை வந்துவிட்டேன் சித்தி. கொஞ்சம் இறுகியது, ஆனால் நிற்கவில்லை. மெட்ரோனோம் (வேகம் காட்டும் தாளக் கருவி) வேகத்தைக் கூட்டட்டுமா?

வசந்தி: கூட்டாதே. அந்த ஈ, ஜி இடத்தை மட்டும் மெதுவாகச் சரிசெய். நாளை வகுப்பில் உன் டீச்சரிடமும் இதைக் காட்டு, அவர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதைக் கேள், நேரில் பார்ப்பவர் அவர்தான்.

ரகு: நான் என் பழைய கீபோர்டை வெளியே எடுத்துவிட்டேன். நாணயம் இல்லாமல் வாசித்துப் பார்க்கிறேன்.

அகிலா: அப்பா, அக்கம்பக்கத்தில் தூங்குகிறார்கள்

வசந்தி: இனியா, அடுத்த வீடியோவைப் பக்கவாட்டிலிருந்து எடு, கேமரா கட்டைகளின் உயரத்தில் இருக்கட்டும். மேலிருந்து எடுத்தால் மணிக்கட்டு எவ்வளவு இறங்குகிறது என்று தெரியவில்லை.

இனியன்: சரி சித்தி 👍