மறுமொழி: ‘அமெச்சூர் அட்வென்ச்சர் கேம்’ – தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். தனியாள்களும் சிறு குழுக்களும் ஓய்வு நேரத்தில் ஆக்கி வெளியிடும் அட்வென்ச்சர் கேம்களுக்கு (கதையினூடே வரும் புதிர்களை விடுவித்து முன்னேறும் கணினி ஆட்டங்களுக்கு) தமிழில் மதிப்புரை எழுதவும், அவற்றை ஆக்குவோருக்கு இயன்ற வகையில் துணை நிற்கவும் விரும்புவதாகக் கூறி, அதற்கு வேண்டிய கலைச்சொற்களை நண்பர் கேட்டிருந்தார். இதுவரை வந்த மடல்களில் பெரும்பாலானவை ‘அட்வென்ச்சர்’ என்ற ஒரு சொல்லையே சுற்றி வந்துள்ளன. எனக்கு அதைவிட ‘அமெச்சூர்’ என்பதே சிக்கலான சொல்லாகப் படுவதால், அதனை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

> ‘கற்றுக்குட்டி சாகச விளையாட்டு’ என்று வைத்துவிடலாமே. சுருக்கமாகவும் இருக்கிறது, எல்லோருக்கும் புரியவும் செய்கிறது.

எல்லோருக்கும் புரியும் என்பதில் ஐயமில்லை. புரிவது எது என்பதில்தான் எனக்குத் தயக்கம். ‘கற்றுக்குட்டி’ என்றதும் படிப்பவர் மனத்தில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. மதிப்புரையின் தலைப்பிலேயே ஆட்டம் அரைகுறை என்று சொல்லிவிட்ட பிறகு, அடுத்த பத்து பத்திகளில் நாம் என்ன எழுதினாலும் அது சலுகையாகவோ தட்டிக்கொடுத்தலாகவோ மட்டுமே தோன்றும். அமெச்சூர் என்பது ஆக்கியவருக்கும் அவருடைய பிழைப்புக்கும் உள்ள உறவைக் குறிக்கும் சொல். ஆக்கத்தின் தரத்தைக் குறிப்பதன்று. பென் குரோஷா என்பவர் ‘ஃபைவ் டேஸ் எ ஸ்ட்ரேஞ்சர்’ என்னும் ஆட்டத்தை 2003-இல் இலவசமாக வெளியிட்டார். ஒரு பழைய மாளிகைக்குள் திருட நுழைந்தவன் வெளியேற வழியின்றி அங்கேயே மாட்டிக்கொள்ளும் கதை அது. அப்போது கடையில் விலைக்குக் கிடைத்த பல ஆட்டங்களைவிட அதன் கதைக்கட்டு இறுக்கமானது என்பதே என் கருத்து. (அவரே சில ஆண்டுகளில் மிகக் கடுமையான விளையாட்டு விமர்சகராகப் பெயர் பெற்றார் என்பது தனிச் சுவை.) அதனைக் கற்றுக்குட்டி ஆட்டம் என்று எழுத என் கை வராது.

இன்னொரு நண்பர் ‘பயின்முறை’ என்ற சொல்லை நினைவூட்டியிருந்தார். அதற்கு நல்ல மரபு உண்டு. 1891-இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் தொடங்கிய சுகுண விலாச சபை போன்றவற்றை, ஊர் ஊராகச் சென்று நாடகத்தையே பிழைப்பாகக் கொண்ட தொழில்முறைக் குழுக்களிலிருந்து பிரித்துக்காட்ட, நாடக வரலாற்றை எழுதுவோர் ‘பயின்முறைக் குழு’ என்பர். வேறு தொழில் செய்துகொண்டே மாலையில் அரிதாரம் பூசியவர்களுக்கும், பகலில் அலுவலகம் சென்று இரவில் பின்னணிப் படம் வரைபவர்களுக்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படையானது. ஆயினும் நாடக வரலாறு படித்திராத வாசகருக்கு ‘பயில்’ என்ற அடி பயிற்சி மாணவரையே நினைவூட்டும். கற்றுக்குட்டியை வாசல் வழியே அனுப்பிவிட்டுக் கொல்லைப்புறமாக அழைத்துவந்ததாக ஆகிவிடும்.

ஆகவே என் முன்மொழிவு ‘ஆர்வலர்’ என்பதாகும். அமெச்சூர் என்ற சொல் இலத்தீனில் ‘அன்பு செய்’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. குறளில் ‘ஆர்வலர் புன்கணீர்’ என்னுமிடத்தில் ஆர்வலர் என்பதற்கும் அன்புடையவர் என்பதே பொருள். இதைவிடப் பொருத்தமான இணை கிடைப்பது அரிது. ‘சமூக ஆர்வலர்’ என்ற செய்தித்தாள் வழக்கினால் போராட்டக்காரர் என்ற பொருள் ஏறிவிடாதா என்று ஒருவர் கேட்கக்கூடும். பறவை ஆர்வலர், வானியல் ஆர்வலர் என்னும் வழக்குகள் அதே செய்தித்தாள்களில் குழப்பமின்றி நிலைத்திருப்பதால் அந்த அச்சம் தேவையில்லை என்று கருதுகிறேன். முதல் இடத்தில் ‘ஆர்வலர் ஆக்கிய ஆட்டம்’ என்று விரித்தும், பின்னர் ‘ஆர்வலர் ஆட்டம்’ என்று சுருக்கியும் எழுதலாம்.

> அமெச்சூர், இண்டி இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதானே? இரண்டு சொல் எதற்கு?

ஒன்றல்ல என்பதற்கு ஓர் ஆட்டத்தின் வரலாறே போதுமானது. ‘அட்வென்ச்சர் கேம் ஸ்டூடியோ’ என்பது கிறிஸ் ஜோன்ஸ் உருவாக்கி 1997-இல் வெளியிட்ட ஆக்கக் கருவி. பின்னர் 2010, 2011 ஆண்டுகளில் அதன் மூலநிரலும் திறக்கப்பட்டது. அக்கருவியைப் பயன்படுத்துவோரிடையே, ஒரே மாதத்தில் ஓர் ஆட்டத்தை முடித்துத் தரும் போட்டி மாதந்தோறும் நடைபெறும். 2006-இல் அப்போட்டிக்காக டேவ் கில்பர்ட் என்பவர் ‘தி ஷிவா’ என்னும் சிறிய ஆட்டத்தை ஆக்கினார். நியூயார்க்கில் ஆள்வரத்துக் குறைந்துபோன யூதத் தொழுகைக்கூடம் ஒன்றின் மதகுருதான் நாயகர். முன்பு அவருடன் மனத்தாங்கல் கொண்டு விலகிச் சென்ற ஒருவர் கொலையுண்டு, பெருந்தொகை ஒன்றை அவருக்கே எழுதிவைத்திருக்கிறார் என்ற செய்தியுடன் கதை தொடங்குகிறது. உரையாடலில் ஆடுபவர் தேர்ந்தெடுக்கக்கூடிய மறுமொழிகளுள் ‘மதகுருவுக்கே உரிய பதில்’ என்று ஒன்று உண்டு. அதைத் தேர்ந்தால் அவர் கேள்விக்குக் கேள்வியையே பதிலாகத் தருவார். ஆளின் இயல்பை ஆட்ட விதியாகவே ஆக்கிவிட்ட அந்த நுட்பம் ஒரு மாத வேலையில் விளைந்தது. அதே ஆண்டில் அவர் ஆட்டத்தை விரித்து, குரல் நடிப்பும் சேர்த்து, விலைக்கு விற்று, ‘வாஜெட் ஐ கேம்ஸ்’ என்ற தம் நிறுவனத்தையும் தொடங்கினார். முதல் வடிவம் ஆர்வலர் ஆட்டம். இரண்டாவது, எந்தப் பெரிய வெளியீட்டாளரையும் சாராத வணிக ஆட்டம், அதாவது இண்டி. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் இந்த மாற்றத்தைத் தமிழில் சொல்லவே இயலாது. ஜேம்ஸ் டியர்டன் இலவசப் பகுதிகளாக வெளியிட்டு, 2015-இல் அதே நிறுவனத்தின் வழியே விற்பனைக்கு வந்த ‘டெக்னோபாபிலோன்’ ஆட்டமும் இத்தகையதே.

வேறுபாடு மதிப்புரையாளருக்கும் முக்கியமானது. விலை கொடுத்து வாங்கச் சொல்லும் ஆட்டத்தில் ‘இந்தப் பணத்துக்குத் தகுமா’ என்று கேட்பது முறை. ஆர்வலர் ஆட்டத்தில் வாசகர் செலவிடுவது ஒரு மாலைப் பொழுது மட்டுமே. எனவே அம்மாலைப் பொழுதுக்குத் தகுமா, இவரிடமிருந்து அடுத்து எதை எதிர்பார்க்கலாம் என்பவைதாம் கேள்விகள்.

இண்டி என்பதற்குத் ‘தற்சார்பு’ என்று ஒருவரும், ‘சுயாதீன’ என்று இலங்கை நண்பரும் எழுதியிருந்தனர். இலங்கையில் சுயாதீன என்பது அன்றாடச் சொல். தமிழ்நாட்டிலும் சுயாதீனத் திரைப்படம் என்ற வழக்கு இப்போது பரவலாகிவிட்டது. தற்சார்பு என்றால் வேளாண்மையே நினைவுக்கு வருகிறது. இரு கரையிலும் செல்லும் சொல் கையில் இருக்கும்போது வேறு தேட வேண்டியதில்லை; ‘சுயாதீன ஆட்டம்’ என்பதே என் தேர்வு.

‘இலவச ஆட்டம்’ என்று மொத்தமாகச் சொல்லிவிடலாம் என்ற கருத்துக்கும் ஒரு சொல். இலவசம் என்பது விலையை மட்டும் சொல்கிறது; பெரிய நிறுவனங்கள் விளம்பரத்துக்காகத் தரும் இலவச ஆட்டங்களும் அதில் அடங்கிவிடும். நம் ஊரில் அரசே அச்சொல்லைக் கைவிட்டு ‘விலையில்லா’ என்று மாற்றிக்கொண்டதை அனைவரும் அறிவோம். ‘கட்டற்ற’ என்பதும் இங்குப் பொருந்தாது. இவ்வகை ஆட்டங்களுள் பெரும்பாலானவற்றைக் காசின்றி ஆடலாமே தவிர, மூலநிரல் நமக்குக் கிடைப்பதில்லை. கருவி கட்டற்றது என்பதனால் அதில் ஆக்கப்பட்ட ஆட்டமும் கட்டற்றதாகிவிடாது.

இனி ‘அட்வென்ச்சர்’. இச்சொல்லின் பொருளை மொழிபெயர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை என்பது என் நிலைப்பாடு. 1970-களின் நடுவில் வில் கிரவுதர் என்ற நிரலாளர், தாம் நுழைந்து அளந்து வரைபடமிட்ட கென்டக்கி மாநிலத்து மாமத் குகையை அடிப்படையாக வைத்து ஒரு கணினி ஆட்டத்தை எழுதினார். 1977-இல் ஸ்டான்ஃபோர்டில் டான் வுட்ஸ் அதனை விரிவாக்கினார். அந்த ஆட்டத்தின் பெயர் ‘அட்வென்ச்சர்’. அதனைப் போன்றவை எல்லாவற்றுக்கும் அப்பெயரே இனப்பெயராக நின்றுவிட்டது. ஆக, இது தற்செயலாக ஒட்டிக்கொண்ட பெயர். வீரதீரச் செயல் எதுவும் இவ்வகை ஆட்டங்களில் பெரும்பாலும் இராது. பூட்டிய அறையில் ஓட்டை வாளியையும் மீன்முள்ளையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யோசிப்பதே இவற்றின் சாரம். ‘சாகச ஆட்டம்’ என்று எழுதினால், தாவவும் சுடவும் எதிர்பார்த்து வரும் வாசகர் ஏமாந்து போவார். கதை, அக்கதைக்குள்ளேயே விளையும் புதிர் என்ற இரண்டும் இணைவதால் ‘புதிர்க்கதை ஆட்டம்’ என்பதே பொருந்துகிறது. வேதாளம் சொன்ன கதைகளையும் புதிர்க்கதை என்பார்களே என்ற தடையை ஒருவர் எழுப்பியிருந்தார். அது தடையாக அன்றித் துணையாகவே எனக்குத் தோன்றுகிறது. விடை சொன்னால்தான் அடுத்த அடி என்ற அமைப்பு இரண்டிலும் உண்டு. எழுத்திலேயே நடைபெறும் ஆட்டங்களை ‘உரைப் புதிர்க்கதை’ எனலாம். ‘சாகச’ என்ற சொல்லைத் தாவிக் குதிக்கும் வகைக்கே விட்டுவிடுவோம்.

மதிப்புரைக்குள் வரும் சொற்களில் சிலவற்றை விரைந்து முடித்துவிடலாம். நாயகர் சேர்த்து வைத்திருக்கும் பொருள்களுக்குக் ‘கையிருப்பு’ போதும். எல்லாக் கடைக்காரர் வாயிலும் உள்ள சொல். முழுத் தீர்வைப் படிப்படியாகச் சொல்வது ‘தீர்வுவழி’; சிறு உதவி ‘துப்பு’. வெளியீட்டுக்கு முன் ஆடிப் பார்த்துச் சொல்பவர் ‘முன்சோதனையாளர்’. திரையில் ஒரு சில புள்ளிகளே உள்ள பொருளைச் சுட்டியால் தடவித் தேட வைக்கும் கொடுமைக்குப் ‘புள்ளித் தேடல்’.

சற்று நின்று பார்க்க வேண்டியது ‘முட்டுநிலை’. வெல்லும் வழி அடைபட்டுப் போன பிறகும், அதனை அறிவிக்காமல் ஆட்டம் தொடர்ந்து நடப்பதை இது குறிக்கும். 1990-இல் சியெரா நிறுவனம் வெளியிட்ட ‘கிங்ஸ் குவெஸ்ட்’ ஐந்தாம் பாகத்தில், பூனை ஒன்று எலியைத் துரத்தும் காட்சி சில நொடிகள் தோன்றி மறையும். அந்நேரத்தில் கையிலுள்ள பொருளைப் பூனைமீது எறிந்து எலியைக் காப்பாற்றாவிட்டால், பின்னொரு கட்டத்தில் நாயகன் நிலவறையில் கட்டிப்போடப்படும்போது கயிற்றைக் கடித்து விடுவிக்க எலி வராது. அவன் எங்கே தவறினான் என்பதை ஆட்டமும் சொல்லாது. இவ்வகை ஆட்டங்களில் தோய்ந்து வளர்ந்த ஆர்வலர்கள் சிலர், அவற்றின் அழகோடு இக்குறையையும் தம் ஆக்கங்களில் சேர்த்துவிடுகின்றனர். ‘கடினமான புதிர்’ என்று மதிப்புரையாளர் பூசி மெழுகாமல் ‘இவ்விடத்தில் முட்டுநிலை உள்ளது, முன்னதாகச் சேமித்துக்கொள்க’ என்று எழுதத்தான் இச்சொல் வேண்டும்.

> விமர்சனம், மதிப்புரை, திறனாய்வு – எது?

மதிப்புரை. விமர்சனம் திரைப்படத்துக்குப் போய்விட்டது. திறனாய்வு கல்லூரிக்குப் போய்விட்டது. ஆனால் மதிப்புரையையும் ‘வழுவறிக்கை’யையும் பிரித்தே ஆக வேண்டும். கதவு திறக்கவில்லை, எழுத்துப்பிழை உள்ளது, மூன்றாம் காட்சியில் ஆட்டம் நின்றுவிடுகிறது என்பவை ஆக்கியவருக்குத் தனிமடலில் செல்ல வேண்டியவை. ஆர்வலர் அவற்றை ஒரு வாரத்தில் திருத்திவிடக்கூடும். நம் பக்கத்தில் அச்சடித்த குறையோ என்றும் அப்படியே நிற்கும்.

மதிப்பெண் தருவது பற்றி நண்பர் கேட்டிருந்தார். 1995 முதல் ஆண்டுதோறும் நடந்துவரும் உரைப் புதிர்க்கதைப் போட்டியின் விதிகள் இதற்கு நல்ல முன்மாதிரி. நடுவராக யாரும் இருக்கலாம். ஐந்து ஆட்டங்களுக்கேனும் ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் தர வேண்டும். ஓர் ஆட்டத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடியிருந்தாலும், முதல் இரண்டு மணி நேரத்தை வைத்தே மதிப்பெண் இட வேண்டும். நடுவர்கள் மிக அதிகமாகக் கருத்து மாறுபட்ட ஆட்டத்துக்குப் ‘பொன் வாழைப்பழம்’ என்றொரு வேடிக்கையான சிறப்பும் உண்டு. சராசரி மட்டும் பார்த்தால், எல்லோரும் ஐந்து தந்த சப்பென்ற ஆட்டமும், பாதிப்பேர் ஒன்றும் பாதிப்பேர் ஒன்பதும் தந்த துணிச்சலான ஆட்டமும் ஒரே வரிசையில் வந்துவிடும். பிந்தையதைத் தேடிப்பிடித்து அறிமுகம் செய்வதே ஆர்வலர் ஆட்ட மதிப்புரையின் வேலை என்பேன். நம் பக்கத்தில் இருவர் எழுதினால், இரு மதிப்பெண்களையும் தனித்தனியே இடுக; கூட்டி வகுக்க வேண்டாம்.

‘ஆதரவு’ என்பது மிகப் பொதுவாக நிற்கிறது. பணம் தருபவரைப் ‘புரவலர்’ என்றும், இட்ச்.ஐஓ போன்ற தளங்களில் விரும்பியதைத் தரும் முறையை ‘விருப்ப விலை’ என்றும் சொல்லலாம். ஆனால் இவர்களுள் பலருக்குப் பணத்தைவிட முன்சோதனையாளர்களே தேவை. தமிழாக்கமும் ஒரு துணைதான். முன்பு சொன்ன அட்வென்ச்சர் கேம் ஸ்டூடியோ கருவியின் 3.6 பதிப்பு முதல் யூனிகோடு எழுத்துகளும் ஏற்கப்படுகின்றன. எழுத்துகள் ஏற்கப்படுவது வேறு, தமிழ் சரியாகத் தோன்றுவது வேறு என்பதை இக்குழுவில் சொல்ல வேண்டியதில்லை. ‘கொடு’ என்ற சொல்லில் கொம்பு ககரத்துக்கு முன்னே வந்து நிற்கிறதா என்பதை ஒவ்வொரு ஆட்டத்திலும் ஆடிப் பார்த்த பிறகே ஆக்கியவரிடம் தமிழாக்கம் செய்து தருவதாக வாக்களிக்க வேண்டும்.

ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. சுட்டியை நகர்த்திப் பொருளைச் சொடுக்கி ஆடும் வகையைச் ‘சுட்டிச் சொடுக்கும் ஆட்டம்’ என்று எழுதிவந்தோம். பழைய ஆட்டங்களை இன்றைய கருவிகளில் இயக்கும் ‘ஸ்கம்விஎம்’ என்னும் நிரல், 2021-இல் வெளிவந்த தன் 2.5 பதிப்பிலிருந்து ஸ்டூடியோ ஆட்டங்களையும் இயக்குவதால், அவை கைப்பேசியிலும் ஆடப்படுகின்றன. அங்கே சுட்டியும் இல்லை, சொடுக்கும் இல்லை, விரல் தொடுகை மட்டுமே. ‘தொட்டாடும் புதிர்க்கதை’ என்பது வரை யோசித்தேன். ஆனால் அது மேசைக்கணினியில் ஆடுபவரை விட்டுவிடுகிறது. இரண்டையும் அடக்கும் சொல் யாருக்கேனும் தோன்றினால் இதே இழையில் எழுதுமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்