மலை ஏரிச் சேற்றின் தலைக்கூடுகளை இனங்காண ஊருணிப் புழுக்களில் பழகலாமா?

கேள்வி – ஆய்வு மாணவி, தேவிபட்டினம்

அனைவருக்கும் வணக்கம். இமயமலை ஏரி ஒன்றின் அடிச்சேற்றில், கொசுவைப் போலிருந்தும் கடிக்காத கைரோனோமிட் பூச்சிகளின் புழுக்கள் விட்டுச்சென்ற தலைக்கூடுகளை, அதாவது தலையை மூடியிருந்த கடின ஓடுகளை, இனம் பிரித்து வருகிறேன். சேற்றை 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இளஞ்சூடாக வைத்து, 90 மைக்ரான் சல்லடையில் அலசிய பின், தேன் நிறத்தில் மிகச் சிறிய கூடுகள் தங்குகின்றன. அவற்றில் பல நடுவே பிளந்துள்ளன. மென்டம் எனப்படும் பல்வரிசைத் தகடு பாதியே கிடைக்கும்போது எனக்குத் தடுமாற்றமாகிறது. விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். எங்கள் ஊருணியிலுள்ள சிவப்புப் புழுக்களை வைத்துக் கண்ணைப் பழக்கலாமா?

மறுமொழி – விலங்கியல் ஆசிரியர், இராமநாதபுரம்

தாராளமாகப் பழகலாம், அம்மா. ஆனால் கண்மாய்ச் சேற்றைத் தேட வேண்டாம். கோடையில் அது காய்ந்து வெடிப்பதால் கூடுகள் சிதைந்துபோகும். உயிருள்ள புழு ஒன்றை ஊருணி நீரும் சிறிது வண்டலும் இட்ட கிண்ணத்தில் வளர்த்தால், அது கூட்டுப்புழுவாகும்வரை நான்கு தலைக்கூடுகளைக் கழற்றும். முதல் இரண்டும் மெல்லியவை. ஏரிச் சேற்றில் பெரும்பாலும் எஞ்சுபவை பின்னிரண்டே.

மென்டத்தின் இருபுறமும் உள்ள தகடுகளைப் பாருங்கள். பனையோலை விசிறியின் மடிப்புகளைப் போல அவற்றில் கோடுகள் ஓடினால், அது கைரோனோமினே துணைக்குடும்பம். அத்தகடுகள் நடுவில் ஏறத்தாழ முட்டிக்கொண்டு, உணர்கொம்பு உயர்ந்த பீடத்தின்மேல் நின்றால், அத்துணைக்குடும்பத்தின் டானிடார்சினி என்னும் உட்பிரிவு. தகடுகள் விலகியிருந்தால் பெரும்பாலும் கைரோனோமினி என்னும் மற்றோர் உட்பிரிவு. ஆர்த்தோகிளாடினே என்னும் வேறொரு துணைக்குடும்பப் புழுக்களின் தகடுகளில் கோடுகள் இரா. இரைபிடித்துண்ணும் டானிபோடினே துணைக்குடும்பத்தில் மென்டத்தை நம்பாமல், நடுவிலுள்ள லிகுலா என்னும் பற்கள் கொண்ட தகட்டைத் தேட வேண்டும்.

மறுமொழி – ஏரிச் சேற்று ஆய்வில் இருந்தவர், தொண்டி

ஆசிரியர் சொன்ன அடையாளங்கள் அனைத்தும் சரியே. ஆயினும் ஓர் எச்சரிக்கை, சகோதரி. குளிர்ந்த உயர்மலை ஏரிகளில் மிகுதியாக வாழ்பவை ஆர்த்தோகிளாடினே புழுக்கள். வெப்பமான நம் ஊருணியில் பெரும்பாலும் கிடைப்பது கைரோனோமஸ் போன்ற இரத்தப்புழுக்களே. குறைந்த ஆக்சிஜனிலும் அவை தாங்குவதற்கு உடலிலுள்ள ஹீமோகுளோபின் உதவுகிறது, சிவப்பும் அதனாலேயே. அவற்றிலேயே பழகிய கண், தேவையில்லாத இடத்திலும் விசிறிக் கோடுகளைக் காணும். எனக்கே அப்படி நேர்ந்தது: கிழிந்த ஆர்த்தோகிளாடினே கூட்டின் சுருக்கத்தைக் கோடென்று எண்ணிப் பல நாள் தவறாகப் பதிந்தேன். நுண்ணோக்கியில் 400 மடங்கு உருப்பெருக்கத்தில் வைத்துக் குவியத்தை மேலும் கீழும் மெல்ல நகர்த்திப் பார்த்தபோதுதான், சுருக்கம் ஒழுங்கின்றிக் கலைவதும், உண்மையான கோடுகள் சீரான இடைவெளியில் நிற்பதும் தெரிந்தன.

இது சிறு பிழையன்று. பண்டைய கோடை வெப்பநிலையை இந்தப் புழுக்களின் விகிதத்தைக் கொண்டே மதிப்பிடுகிறோம். குளிர்விரும்பிகளை வெப்பவிரும்பிகளாக எண்ணினால், ஏரி இருந்ததைவிட வெப்பமாகத் தோன்றும். ஆகவே பேரினம் உறுதியாகாதபோது துணைக்குடும்பத்தோடு நிறுத்துங்கள். பாதி மென்டத்தை அரை என்றே எண்ணுங்கள். ஒரு மாதிரிக்குக் குறைந்தது 50 கூடுகளாவது சேர, தேவையானால் சேற்றின் அளவைக் கூட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஊருணிப் புழுக்களைக் கைரோனோமினேவுக்கு மட்டும் பயன்படுத்துகிறேன். விசிறிக் கோடுகள் உள்ளனவென்று நான் ஏற்கெனவே பதிந்த தகடுகள் அனைத்தையும் 400 மடங்கில் மீண்டும் பார்த்துவிட்டு, ஐயம் தீராதவற்றை வரைந்து இங்கே இடுகிறேன்.