கலைச்சொல்: பழைய கணினி ‘இதுக்கு மேல எடுக்காது’ என்பதை எப்படி எழுதுவது?

அனைவருக்கும் வணக்கம்.

பழைய கணினி எதுவரை எடுக்கும் என்ற எல்லையைக் குறிக்க இந்த இழையில் இதுவரை வந்த சொற்களை எல்லாம் படித்தேன். கொடைக்கானல் ஐயா ‘உச்சவரம்பு’ போதும் என்கிறார், கூடலூர் அக்கா ‘தாங்கெல்லை’ கொடுத்திருக்கிறார், ‘மேம்பாட்டு வரம்பு’, ‘கொள்ளளவு’ என்று இன்னும் இரண்டு வந்திருக்கின்றன. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறோம், ஆனால் பொருள் இரண்டு இருக்கிறது: அதற்கு மேல் அறவே ஏற்காத எல்லை ஒன்று, அதற்கு மேல் திணறிக்கொண்டே ஓடும் எல்லை இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்தால்தான் செகண்ட் ஹேண்ட் கணினி வாங்குகிறவருக்கு அது பயன்படும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. குன்னூர், ஊட்டி பக்கம் எஸ்டேட் அலுவலகங்களும் தங்கும் விடுதிகளும் புதுக் கணினி வாங்கும்போது பழையதைக் கழித்துவிடுகின்றன. அவற்றை வாங்கி, ரேம் (தற்காலிக நினைவகம்) ஏற்றி, ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் போட்டு, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் நிறுவிப் படிப்பகத்துக்கும் படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கும் கொடுக்கிறோம். இதற்குத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறோம், அதில் வந்த சிக்கல்தான் இது. கடையில் கேட்டால் ‘இந்த போர்டு 4 ஜிபி வரைக்கும்தான் எடுக்கும்’, ‘இந்த சிஸ்டம் அதை எடுக்காது’ என்பார்கள். எல்லாருக்கும் புரிகிற பேச்சு. கையேட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் அட்டவணை போடும்போது மேலே தலைப்பாக எழுத ஒரு பெயர்ச்சொல் தேவைப்படுகிறது.

‘எடுக்கும், எடுக்காது’ என்ற அந்தக் கடைப்பேச்சிலேயே சொல் கிடக்கிறது என்று நினைக்கிறேன். எழுத்தில் அது ‘ஏற்கும், ஏற்காது’. அதிலிருந்து ‘ஏற்பெல்லை’. ஒரு கருவி எதுவரை ஏற்றுக்கொள்ளும், எதற்கு மேல் அறவே ஏற்காது என்பதைக் குறிக்கும் சொல். அக்காவின் ‘தாங்கெல்லை’ இதிலிருந்து வேறானது, அதுவும் நமக்கு வேண்டும்.

ஏன் வேறு என்பதைக் கருவிகளை வைத்தே சொல்கிறேன்.

நம் பக்கத்தில் அதிகமாகக் கிடைக்கும் பழைய டெஸ்க்டாப்களில் பல இன்டெல் 945ஜி சிப்செட் (போர்டில் புராசசரையும் ரேமையும் இணைக்கும் சில்லு) போட்டவை. அந்த சிப்செட் 2005இல் வந்தது. அதில் 2 ஜிபி டிடிஆர்2 ரேம் இரண்டைப் போட்டால் கணக்குப்படி 4 ஜிபி, ஆனால் இயங்குதளத்தில் பார்த்தால் 3 ஜிபிக்குக் கொஞ்சம் மேலேதான் காட்டும். ரேம் கெட்டுப்போகவில்லை. அந்த சிப்செட்டுக்கு மொத்த முகவரிவெளியே (அது முகவரி கொடுத்து அடையக்கூடிய இடம்) 4 ஜிபிதான், கிராஃபிக்ஸ் போன்ற சாதனங்களுக்கான முகவரிகளும் அதற்குள்ளேயே இருந்தாக வேண்டும், அவை பிடித்துக்கொண்ட இடத்தில் வரும் ரேமை வேறு முகவரிக்கு நகர்த்தித் தரும் வசதி அதில் கிடையாது. ‘அப்படியென்றால் 64 பிட் இயங்குதளம் போட்டால் சரியாகிவிடுமே’ என்று இந்த இழையிலேயே ஒரு தம்பி கேட்டிருந்தார். ஆகாது தம்பி. அதில் உட்காரும் கோர் 2 டுவோ புராசசர் 64 பிட்தான், 64 பிட் லினக்ஸும் நன்றாக ஓடும், ஆனால் எல்லை இருப்பது சிப்செட்டில். இயங்குதளத்தை மாற்றுவதால் அது ஒரு ஜிபிகூட நகராது. இதுதான் ஏற்பெல்லை.

இன்னொன்று புராசசரின் கட்டளைத் தொகுதி, அதாவது அதற்குப் புரியும் கட்டளைகள். பென்டியம் 3க்கு எஸ்எஸ்இ2 என்ற கட்டளைக் குழு தெரியாது, அது 2000இல் பென்டியம் 4உடன் வந்தது. இன்றைய உலாவிகள் எஸ்எஸ்இ2 இல்லாமல் திறக்கவே திறக்காது. குரோம் 2021இல் ஒரு படி மேலே போய் எஸ்எஸ்இ3 கட்டாயம் என்றது. பென்டியம் 3இல் எவ்வளவு ரேம் போட்டாலும் எவ்வளவு நல்ல எஸ்எஸ்டி போட்டாலும் அந்த உலாவி வராது, மெதுவாகக்கூட வராது. கோர் 2 டுவோவுக்கும் இதே கதை விண்டோஸ் 11இல் நடந்தது. நிறுவும்போது வரும் சோதனையைத் தாண்டி எப்படியோ விண்டோஸ் 11 போட்டுவிட்டவர்கள் இருந்தார்கள், ஓரளவு ஓடிக்கொண்டும் இருந்தது. 2024இல் வந்த 24எச்2 பதிப்பு பாப்கவுன்ட் என்ற கட்டளையைக் கேட்டது, கோர் 2 டுவோவில் அது கிடையாது, அதனால் அந்தப் பதிப்பு தொடங்கவே தொடங்காது.

தாங்கெல்லை வேறு வகை. 2 ஜிபி ரேம் உள்ள கணினியில் இன்றைய உலாவியைத் திறந்து நாலைந்து தாவல்கள் போட்டால் திணறும், மவுஸ் நகர மறுக்கும், ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். ஆனால் ஓடும். எஸ்எஸ்டி போட்டால் கொஞ்சம் நிம்மதி, இலகுவான டெஸ்க்டாப் போட்டால் இன்னும் கொஞ்சம். அதாவது செலவு செய்தும் பழக்கத்தை மாற்றியும் தள்ளிப்போடக்கூடிய எல்லை. கல்லட்டி மலைப்பாதையை நினைத்துப் பாருங்கள். பாரம் அதிகமான லாரி முதல் கியரில் மெதுவாக ஏறிவிடும், நீளம் அதிகமான டிரெய்லர் கொண்டை ஊசி வளைவில் திரும்பவே முடியாது, அதற்கு எவ்வளவு பெரிய இன்ஜின் வைத்தாலும்.

வாங்குகிறவருக்கு இந்த வேறுபாடுதான் பணம். தாங்கெல்லையை முட்டி நிற்கும் கணினிக்குக் கொஞ்சம் செலவு செய்யலாம், பலன் உண்டு. ஏற்பெல்லையை முட்டிவிட்ட கணினிக்கு அதே செலவைச் செய்தால் போட்ட காசு வீண். எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம் 945 போர்டுக்கு ஒரு கடையில் மேலும் மேலும் ரேம் மாற்றிக்கொண்டே இருந்தது, ஒவ்வொரு முறையும் ‘இது பழுது, வேற போட்டுப் பார்ப்போம்’ என்றே சொல்லப்பட்டது. ‘இதன் ஏற்பெல்லை என்ன?’ என்று கேட்க ஒரு சொல் அவர்கள் கையில் இருந்திருந்தால் முதல் நாளே விஷயம் தெரிந்திருக்கும். ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது, அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இனி மற்றப் பரிந்துரைகள்.

> ‘உச்சவரம்பு’ எல்லோருக்கும் தெரிந்த சொல். புதிதாக ஒன்றை ஏன் உருவாக்க வேண்டும்?

ஐயா, தெரிந்த சொல் என்பதுதான் எனக்குத் தயக்கம். உச்சவரம்பு என்றதும் நில உச்சவரம்புதான் நினைவுக்கு வருகிறது, 1961ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து அந்தச் சொல் அந்தப் பொருளில் ஊறிவிட்டது. யாரோ விதிக்கிற அளவு, விதித்தவர் நினைத்தால் கூட்டலாம் குறைக்கலாம் என்ற தொனி அதில் இருக்கிறது. கணினியில் அப்படியும் சில உண்டு. பாகம் ஏற்கும், ஆனால் தயாரிப்பாளர் வேண்டுமென்றே பூட்டி வைத்திருப்பார், சில லேப்டாப்களில் பட்டியலில் இல்லாத வைஃபை அட்டையைப் போட்டால் பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) கணினியைத் தொடங்கவே மறுப்பதைப் போல. அந்த இடத்துக்கு ‘உச்சவரம்பு’கூட முழுதாகப் பொருந்தாது, ‘விதித்த தடை’ என்று பச்சையாகவே எழுதிவிடலாம்.

‘கொள்ளளவு’ ரேமுக்கும் டிஸ்குக்கும் சரி. கட்டளைத் தொகுதிக்கு எப்படிக் கொள்ளளவு சொல்வது? ‘மேம்பாட்டு வரம்பு’ நீளம், தவிர அது வரம்பு எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை.

> பயாஸ் அப்டேட் செய்தால் போர்டு புதிய புராசசரை எடுத்துக்கொள்கிறதே, பிறகு அது எப்படி எல்லை?

இந்தக் கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நல்ல உதாரணம் ஐடிஇ என்ற பழைய இணைப்பு வகை டிஸ்கின் 137 ஜிபி எல்லை. பழைய முறையில் டிஸ்க் முகவரிக்கு 28 பிட்தான், ஒரு துண்டுக்கு 512 பைட் என்று பெருக்கினால் 137 ஜிபியில் முடிந்துவிடும். பிறகு 48 பிட் முகவரி வந்தது. ஆனால் பயாஸுக்கு அது தெரிந்திருந்தாலும் விண்டோஸ் எக்ஸ்பியின் முதல் வெளியீட்டுக்குத் தெரியாது, 2002இல் சர்வீஸ் பேக் 1 வந்த பிறகுதான் தெரிந்தது. ஆக எல்லை ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. சிப்செட்டில் ஒன்று, பயாஸில் ஒன்று, இயங்குதளத்தில் ஒன்று இருக்கும், எது குறைவோ அதுதான் கணினிக்கு வாய்க்கும். எனவே கையேட்டில் வெறுமனே ‘ஏற்பெல்லை 4 ஜிபி’ என்று எழுதாமல் ‘சிப்செட் ஏற்பெல்லை’, ‘பயாஸ் ஏற்பெல்லை’, ‘இயங்குதள ஏற்பெல்லை’ என்று எந்தப் பகுதியுடையது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் பரிந்துரை. பயாஸுடையதை பயாஸ் அப்டேட் நீட்டிக்கும். 945 போர்டுகளிலும் இதைப் பார்க்கலாம், சாக்கெட் ஒன்றுதான், ஆனால் சில போர்டுகள் பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு கோர் 2 டுவோவை ஏற்றன, சிலவற்றில் புராசசருக்கு மின்னழுத்தம் கொடுக்கும் சுற்றே அதற்கு ஒத்துவராததால் எந்த அப்டேட்டும் உதவவில்லை.

இந்தச் சொல் மென்பொருளுக்கும் பொருந்துவது எனக்குப் பிடித்திருக்கிறது. விண்டோஸ் 98இல் யூனிகோடு தமிழ் ஒழுங்காக வராது, விண்டோஸ் 2000இல்தான் லதா எழுத்துருவுடன் தமிழ் உள்ளேயே வந்தது. (பழைய டிஸ்கை அழிப்பதற்கு முன் அதில் பாமினி, டிஸ்கி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் இருக்கின்றனவா என்று பார்த்து நகல் எடுத்து வையுங்கள். யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு ஊரின் கடிதங்களும் துண்டறிக்கைகளும் அப்படித்தான் காணாமல் போகின்றன.)

தாங்கெல்லைக்கு நம் மலைக்கே உரிய ஒரு உதாரணமும் கையேட்டில் சேர்க்கலாம். ஹார்டு டிஸ்கின் படிப்புமுனை தட்டைத் தொடாது, சுழலும் தட்டு இழுத்துவரும் காற்றுப் படலத்தின் மேல் மிதக்கும். காற்றழுத்தம் குறைந்தால் மிதக்கும் உயரமும் குறையும். அதனால் தயாரிப்பாளர்கள் பொதுவாக 3,048 மீட்டர், அதாவது 10,000 அடி வரை இயங்கும் என்று குறிப்பிடுகிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான், எனவே பயமில்லை. ஆனால் ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு, அதே விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் குறைந்த காற்றைத்தான் தள்ளும். நம் குளிர் அதை ஈடுகட்டுகிறது. தூசி அடைத்த பென்டியம் 4ஐ மூடிய அலமாரிக்குள் வைத்தால் குளிர் உதவிக்கு வராது.

ஒரு எச்சரிக்கையும் கையேட்டில் போக வேண்டும்: பழுதை எல்லை என்று நினைத்துவிடக் கூடாது. மழைக்காலத்து ஈரத்தில் ரேமின் தங்க முனைகளில் படலம் படிந்து, கணினி பீப் அடித்துக்கொண்டு எழாமல் கிடக்கும். அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்துப் போட்டால் பெரும்பாலும் எழுந்துவிடும். கணினியின் கடிகாரத்தை ஓட வைக்கும் சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரி தீர்ந்தால் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடும், உடனே இணையதளங்கள் எல்லாம் ‘சான்றிதழ் செல்லாது’ என்று மறுக்கும். ‘கணினி பழசு, இனி இணையம் எடுக்காது’ என்று கைவிட்டவர்கள் இருக்கிறார்கள். பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் போதும்.

சொல்லை இப்போதே கவனமாக வைக்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் ‘செயலி’. புராசசருக்கு வைத்த சொல் அது, பிறகு கைபேசி ஆப்புக்கும் அதுவே பரவிவிட்டது, இன்று ‘செயலியை மாற்றவும்’ என்று கையேட்டில் எழுதினால் எதை மாற்றுவது என்று படிக்கிறவருக்குத் தெரியாது. அதனால்தான் இந்த மடலிலும் புராசசர் என்றே எழுதியிருக்கிறேன்.

கையேட்டுக்கான வரைவு விளக்கங்கள் இவை, திருத்துங்கள்:

ஏற்பெல்லை: ஒரு பாகமோ மென்பொருளோ எதுவரை ஏற்கும், அதற்கு மேல் எந்தச் செலவிலும் ஏற்காது என்னும் அளவு. ‘இந்தப் போர்டின் சிப்செட் ஏற்பெல்லை 4 ஜிபி, இதற்கு மேல் ரேம் வாங்க வேண்டாம்.’

தாங்கெல்லை: ஓடும், ஆனால் வேகமோ வெப்பமோ ஓட்டத்தைக் கெடுக்கத் தொடங்கும் அளவு. ‘2 ஜிபியில் இது தாங்கெல்லையைத் தொட்டுவிட்டது, ரேம் கூட்டினால் உலாவி இன்னும் இலகுவாக ஓடும்.’

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால் அலுவலகங்களிலிருந்து இன்னும் நிறையக் கணினிகள் வெளியே வரும். 32 பிட் மட்டுமே உள்ளவற்றுக்கு வழி சுருங்குகிறது, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பை அவற்றில் நேரடியாக நிறுவ முடியாது, டெபியன் 12 போட வேண்டும். எனவே கையேடு சீக்கிரம் வெளிவருவது நல்லது.

மீதி இருப்பது ஒன்றுதான். எந்தெந்தப் புராசசரை ஏற்கும் என்று போர்டு தயாரிப்பாளர் வெளியிடும் பட்டியலை ‘ஏற்புப் பட்டியல்’ என்று எழுதலாமா? எனக்குச் சம்மதம், ஐயா என்ன நினைக்கிறார் என்று தெரிய வேண்டும். அக்கா, உங்களிடம் உள்ள 945 போர்டின் மாடல் எண்ணையும் அதன் கீழே அச்சிட்டிருக்கும் பதிப்பு எண்ணையும் அனுப்புங்கள். ஒரே மாடலிலும் பதிப்புக்குப் பதிப்பு ஏற்புப் பட்டியல் மாறுகிறது, அட்டவணையில் இரண்டையும் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
குன்னூரிலிருந்து