டியூப்லைட் வெளிச்சத்தில் முகப்படம்: எடுத்தவர்களின் அனுபவங்கள்

சிங்கப்பூர், தோ பாயோவிலிருந்து, தொடக்கப் பதிவு

அண்ணன் மகளின் அரங்கேற்ற அழைப்பிதழுக்குப் படம் எடுத்துத் தருவதாக வாக்குக் கொடுத்த பிறகுதான், என்னிடம் ஸ்டூடியோ விளக்கு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை என்பது உறைத்தது. நல்ல ஃபிளாஷ் விளக்குகளுக்குப் பணம் செலவிட மனம் வராமல், பாலஸ்டியர் சாலை விளக்குக் கடைகளில் ஏறி இறங்கி, நான்கடி நீளமுள்ள 36 வாட் டியூப்லைட்டுகள் நான்கையும் அவற்றைப் பொருத்தும் சட்டங்களையும் வாங்கி வந்தேன். அவற்றை இரண்டு பலகைகளில் இரண்டிரண்டாகப் பூட்டி, எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டின் சிறிய படுக்கையறையில் நிறுத்தினேன். முதல் படத்தைப் பார்க்கும் வரை பெருமையாகத்தான் இருந்தது.

பிள்ளையின் ஒரு கன்னம் பாசி படிந்ததுபோலவும், மறு கன்னம் மஞ்சள் பூசியதுபோலவும் தெரிந்தன. கேமராவில்தான் கோளாறு என்று அரை மணி நேரம் அதனோடு மல்லுக்கட்டினேன். பிறகுதான் குழல்களின் ஓரத்தில் அச்சிட்டிருந்த எண்களைப் பார்த்தேன்: இரண்டில் 865, மற்ற இரண்டில் 840. முதல் இலக்கம் நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதையும் (8 என்றால் நூற்றுக்கு எண்பதுக்கு மேல்), அடுத்த இரண்டும் ஒளியின் நிறவெப்பத்தையும் (எண் கூடினால் ஒளி நீலம் பாயும், குறைந்தால் மஞ்சளாகும்) குறிக்கின்றன. அதாவது ஒன்று 6500 கெல்வின், மற்றது 4000. போதாக்குறைக்குக் கூரையில் மஞ்சள் ஒளி தரும் எல்இடி விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. நம் கண் இவை அனைத்தையும் ஒரே வெள்ளையாகப் பாவித்துக்கொள்கிறது. கேமராவோ ஒரு நேரத்தில் ஒரு வெளிச்சத்தை மட்டுமே வெள்ளையாக ஏற்கும். மிச்சமெல்லாம் தத்தம் நிறத்தில் முகத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கூரை விளக்கை அணைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, நான்கு குழல்களையும் 865 என்ற ஒரே எண்ணுக்கு மாற்றி, சாம்பல் அட்டையை முகத்தருகே பிடித்து, எந்த வெளிச்சம் வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் வெள்ளைச் சமநிலையை அளந்த பிறகு, அந்தப் பச்சை போன இடம் தெரியவில்லை.

இரண்டாவது சிக்கல் மறுநாள் வந்தது. பாவனைகள் மாறும் கணங்களைப் பிடிப்பதற்காக ஷட்டரை 1/250 விநாடிக்கு ஏற்றினேன். ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும், சிலவற்றில் மேற்பாதி ஒரு நிறமாகவும் கீழ்ப்பாதி பழுப்பாகவும் வந்தன. சிங்கப்பூர் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி என்பதால், பழைய வகைச் சோக்கில் எரியும் குழல் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. 1/100 அல்லது 1/50 விநாடி வைத்தால் முழுத் துடிப்புகளாகப் பதிவாகும். அதைவிட வேகமாகப் போனால் துடிப்பின் ஏதோ ஒரு துண்டுதான் கிடைக்கும். மின்னணுச் சோக்குக்கு மாறினேன். அது விநாடிக்குப் பல்லாயிரம் முறை துடிப்பதால் ஷட்டர் எதுவாக இருந்தாலும் கவலையில்லை.

இத்தனைக்கும் பிறகு வந்த படங்களைப் பார்த்தபோது, ஃபிளாஷ் வாங்காதது நல்லதாயிற்று என்றே தோன்றியது. பலகைகளுக்கு முன்னால் மெல்லிய வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு, ஒரு மீட்டர் தூரத்தில், கேமராவின் ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 400, ஷட்டரை 1/100 விநாடி, லென்ஸின் துவாரத்தை எஃப் 4 என்று வைத்து எடுத்தேன். நிழல் விழும் இடம் கண்ணெதிரே தெரிவதால், பலகையை ஒரு சாண் நகர்த்தினால் என்ன ஆகும் என்பதை எடுத்துப் பார்க்காமலேயே அறிய முடிந்தது. வெளிச்சம் நிலையாக இருப்பதால் கண்மணி சுருங்கி விழியின் பழுப்பு நிறம் நன்றாகத் தெரிந்ததும், அதில் இரண்டு நீண்ட வெள்ளைக் கோடுகள் மின்னியதும் எனக்கு மிகவும் பிடித்தன. மெதுவாகப் புரிந்துகொள்பவனை டியூப்லைட் என்று கேலி செய்வோம். இந்த விஷயத்தில் அது நான்தான். இதே வெளிச்சத்தில் படம் எடுத்த மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றாக இருக்கும்.

தெம்பனிஸிலிருந்து

பச்சை போன இடம் தெரியவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை முழுமையாக ஏற்க முடியவில்லை, அண்ணா. பச்சையை வெள்ளைச் சமநிலையால் விரட்டலாம். இல்லாத சிவப்பை அதனால் கொண்டுவர முடியாது.

என் அம்மாவின் மணிவிழாவுக்கு முந்தைய வாரம், அரக்கு நிறக் காஞ்சிப் பட்டு உடுத்தி அவரை உட்காரவைத்து, உங்களைப் போலவே 865 குழல்களில் எடுத்தேன். நெற்றிக் குங்குமம் காய்ந்த செங்கல் நிறத்தில் வந்தது. புடவையின் அரக்கு செத்துப்போயிருந்தது. எல்லாவற்றையும்விட, அம்மாவின் மாநிறத் தோலில் உள்ள இளஞ்செம்மை போய்ச் சாம்பல் பூத்தாற்போல ஆகிவிட்டது. இந்தக் குழல்களின் ஒளி சூரிய ஒளியைப்போல் தொடர்ச்சியானது அன்று. பாதரச ஆவியின் கோடுகளும், உட்பூச்சு உமிழும் சில குறுகிய பட்டைகளுமே அதில் உள்ளன. 545 நானோமீட்டரை ஒட்டிய பச்சையும் 611ஐ ஒட்டிய ஆரஞ்சுச் சிவப்பும் ஓங்கி நிற்க, அதற்கு அப்பாலுள்ள ஆழ்சிவப்பு மிகவும் குறைவு. நம்மவர் தோலின் உயிர்ப்பு பெரும்பாலும் அந்த ஆழ்சிவப்பில்தான் இருக்கிறது. நிறம் காட்டும் எண்ணைக் கணக்கிடும் வழக்கமான எட்டு மாதிரி நிறங்களில் அடர்சிவப்பு இடம்பெறுவதில்லை. அதனால்தான் எண்பதைத் தாண்டிய குழலும் குங்குமத்தில் தோற்றுப்போகிறது.

பிறகு 950 என்று எண்ணிட்ட குழல்களை வரவழைத்துத் திரும்ப எடுத்தேன். இந்தத் தொள்ளாயிர வரிசையில் வெளிச்சம் சற்றுக் குறைவு. 36 வாட் 865 குழல் சுமார் 3,250 லுமன் தரும் என்றால், இவை 2,800 அளவில்தான் தரும். விலையும் கூடுதல். ஆனால், அந்தப் படத்தில் குங்குமம் குங்குமமாக இருந்தது. அம்மா தம் படத்தைப் பார்த்து, “என்னை நானாக எடுத்திருக்கிறாய்” என்றார். முந்தைய படங்களை நான் அவரிடம் காட்டவேயில்லை.

ஈசூனிலிருந்து

தம்பி, தங்கை இருவரின் பதிவுகளையும் படித்தேன். நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கடவுச்சீட்டுப் படம் எடுத்துப் பிழைத்தவன் என்பதால், கடைக்கண்ணோட்டத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

படச்சுருள் காலத்தில் சட்டென்று மாற்றக்கூடிய வெள்ளைச் சமநிலை ஏது? பகலொளிக்கென்று தயாரித்த சுருளை டியூப்லைட்டின் கீழ் ஓட்டினால் எல்லோரும் நோயாளிகளாகத்தான் வருவார்கள். அதற்காக எஃப்எல்-டி என்று ஒரு கருஞ்சிவப்பு கலந்த ஊதா வடிகட்டியை லென்ஸின் முன்னால் திருகிக்கொள்வோம். அது ஏறத்தாழ ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சத்தை விழுங்கும். வடிகட்டியைக் கழற்ற மறந்து வெளியே போய் ஒரு சுருள் முழுவதையும் ரோஜா நிறத்தில் எடுத்தவன் நான். அதைப் பற்றி இங்கு விரிவாகச் சொல்லப்போவதில்லை.

கடவுச்சீட்டுப் படத்துக்கு 35 மில்லிமீட்டர் அகலம், 45 மில்லிமீட்டர் உயரம், நிழலில்லாத வெள்ளைப் பின்னணி வேண்டும். கேமராவின் தலையிலுள்ள ஃபிளாஷை மட்டும் நம்பினால், காதுக்குப் பின்னால் கறுப்பு நிழல் விழுந்து படம் திரும்பி வரும். என் கடையில் முகத்துக்கு இருபுறமும் நிமிர்த்திய குழல்களும், பின்சுவருக்கென்று தனியாக இரண்டும் வைத்திருந்தேன். கைக்குழந்தைகளுக்கு இதைவிட நல்ல வெளிச்சத்தை நான் கண்டதில்லை: வெள்ளைத் துணியில் படுக்கவைத்து மேலிருந்து எடுப்பேன், பளிச்சென்று எதுவும் வெட்டாததால் குழந்தை மிரளாது, கண்ணையும் மூடாது. மூக்குக்கண்ணாடி அணிந்தவர்கள்தாம் சோதனை. நீண்ட குழல் கண்ணாடியில் வெள்ளைக் கம்பிபோல விழும். குழலை உயர்த்திச் சாய்த்தும் போகாவிட்டால், கண்ணாடியின் காம்புகளைக் காதிலிருந்து ஓர் இம்மி தூக்கச் சொல்வேன். கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்ததும் கம்பி மறைந்துவிடும்.

இன்னொன்று: குழலை ஏற்றியவுடன் எடுக்காதீர்கள். அது தன் முழு வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் வரச் சில நிமிடங்கள் ஆகும். குளிரூட்டியின் காற்று நேராகக் குழலில் படும்படி வைத்தாலும் வெளிச்சம் மங்கும். தடித்த டி8 குழல் 25 டிகிரியை ஒட்டிய சூழலிலும், மெல்லிய டி5 குழல் 35 டிகிரியை ஒட்டியும் நன்றாக எரியும்படி அமைந்தவை. என் கடையில் காலையில் எடுத்த படத்துக்கும் மதியம் எடுத்த படத்துக்கும் ஏன் வித்தியாசம் என்று நெடுநாள் குழம்பினேன். வாடிக்கையாளர் வசதிக்காகக் குளிரூட்டியின் வாயைத் திருப்பிவைத்ததே காரணம்.

ஜூரோங்கிலிருந்து

நான் திருமண மண்டபங்களில் எடுப்பவன். கூரையிலுள்ள குழல்களை மாற்றும் உரிமை எனக்கில்லை. ஒரு வரவேற்பில் என் ஃபிளாஷ் படும் மணமக்கள் இயல்பான நிறத்திலும், பின்னால் நிற்கும் உறவினர் அனைவரும் பச்சையாகவும் வந்தார்கள். ஃபிளாஷை விட்டுவிடுவது ஒரு வழி. நான் செய்தது நேரெதிரானது: ஃபிளாஷின் முன்னால் பச்சைத் தாள் ஒன்றை ஒட்டி அதையும் டியூப்லைட் நிறத்துக்கு இறக்கிவிட்டு, பிறகு மொத்தப் படத்திலிருந்தும் பச்சையை எடுத்தேன். பார்த்துக்கொண்டிருந்த மணமகளின் மாமா, மணப்பெண் முகத்தில் பச்சை விளக்கு அடிக்கிறானே என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

வெளிநாட்டில் கேமரா வாங்கியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: காணொளியில் கோடுகள் ஓடினால், கேமராவின் பட்டியலில் மின்சாரத்துக்கான அமைப்பு 60 சுழற்சியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2014இல் வந்த கேனான் 7டி மார்க் 2 முதல், பல கேமராக்கள் துடிப்பின் உச்சத்தைப் பார்த்து ஷட்டரைத் திறக்கும் வசதியைக் கொண்டுள்ளன. ஓசையில்லாத மின்னணு ஷட்டரில் மட்டும் அதை நம்பிவிடாதீர்கள். எல்இடி குழலுக்கு மாறிவிட்டால் துடிப்பு போய்விடும் என்பதும் பொய். மலிவான எல்இடி சிலவற்றில் அது சோக்கு விளக்கைவிட மோசம்.

தோ பாயோவிலிருந்து மீண்டும்

தெம்பனிஸ் தங்கை சொன்னதை நம்பாமல் 950 குழல் இரண்டை வாங்கி, என் மனைவியின் கையில் சிவப்பு வளையல்களை அடுக்கி ஒப்பிட்டுப் பார்த்தேன். மறுபேச்சு பேச வாயில்லை. மீதி இரண்டையும் மாற்றிவிட்டேன்.

மாற்றும்போது பழைய குழல் ஒன்று கைநழுவி உடைந்தது. உள்ளே பாதரசம் இருப்பதால் குளிரூட்டியை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, கால் மணி நேரம் எல்லோரும் வெளியே இருந்தோம். பிறகு துடைப்பமோ தூசியுறிஞ்சியோ தொடாமல், தடித்த அட்டையால் அள்ளி, பொடியை ஒட்டும் நாடாவால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள புட்டியில் போட்டேன். உடையாத மூன்றையும் விளக்குகளுக்கான மறுபயனீட்டுத் தொட்டியில் சேர்த்தேன். 2021 ஜூலையில் தொடங்கிய மின்கழிவுத் திட்டத்தில் விளக்குகளும் அடங்கும்.

பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023இல் எடுத்த முடிவின்படி, பொதுப் பயன்பாட்டுக்கான குழல்களின் உற்பத்தியும் ஏற்றுமதி இறக்குமதியும் 2027க்குள் நிற்க இருப்பதால், 950இல் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். ஈசூன் ஐயாவுக்கு ஒரு கேள்வி: பின்சுவருக்கான இரண்டு குழல்களையும் சுவரிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைத்திருந்தீர்கள்? என் சுவரின் நடுப்பகுதி இன்னும் மங்கலாகத்தான் வருகிறது.