பெரியப்பா தலை ஆபரேஷன்: 'அம்மாபேட்டை சொந்தங்கள்' குழுவில் வந்தது

குமார்: அப்பாவுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன். புதன் சாயங்காலம் அட்மிட். மண்டை ஓட்டுல எலும்பு எடுத்த எடத்த போன் சிமெண்ட் (எலும்புக்கு வெக்கற சிமெண்ட்) வெச்சு மூடறாங்க. ஓ பாசிட்டிவ் ரத்தம் ஒரு யூனிட் வேணும்

மணி சித்தப்பா: சிமெண்டா???

மணி சித்தப்பா: எடுத்த எலும்பையே வெக்க வேண்டியதுதானே

குமார்: அது நொறுங்கி மண்ணோட கெடந்துச்சு. அடிபட்ட அன்னிக்கே டாக்டருங்க சொன்னாங்க. நீங்கதான் வரலையே

செல்வி அத்தை: டேய் குமாரு. இப்ப எதுக்கு அது

ஏற்காடு பாபு: நான் ஓ பாசிட்டிவ். வியாழன் காலைல எறங்கி வந்துடறேன், மழை விட்டா

செல்வி அத்தை: புதன்கிழமை கோட்டை மாரியம்மன் பொங்கலாச்சே! பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டியே போகாது

குமார்: 5 ரோடு வழியா போயிக்கலாம் அத்தை

தேன்மொழி அக்கா: சித்தப்பா, அது வீடு கட்டற சிமெண்ட் இல்ல. அக்ரிலிக், பல் செட்டு செய்யற அதே வகை. 40 கிராம் பவுடர், 20 மில்லி திரவம். கலந்தா கையுறைல ஒட்டாத மாவுப் பதம் வரும், அப்பதான் தட்டி வளைவு குடுக்கணும். கொஞ்ச நிமிஷத்துல கல்லாயிடும். கண்டபடி அடிச்சுக் கலக்கினா காத்துக் குமிழி மாட்டி, பின்னால அங்கதான் விரிசல் விடும்.
இறுகறப்ப 70 டிகிரிக்கு மேல சூடு ஏறும். அடியில மூளை உறை. அதனால வடிவம் எடுத்த உடனே வெளிய தூக்கிடுவாங்க, இல்லேன்னா ஈரத்துணி வெச்சு குளிர்ந்த சலைன் விட்டுட்டே இருப்பாங்க. ஆறினதும் ஓரத்தத் தேய்ச்சு, தட்டுல சின்னச் சின்ன ஓட்டை போடுவாங்க. அது வழியா மூளை உறைய நூல் போட்டு மேல இழுத்துக் கட்டணும். கட்டாம விட்டா தட்டுக்கும் உறைக்கும் நடுவுல ரத்தம் தேங்கும். கடைசியா சின்ன டைட்டானியம் பிளேட், ஸ்க்ரூ போட்டு எலும்போட பொருத்துவாங்க

மணி சித்தப்பா: இவ்வளவு எதுக்கு. தொப்பி போட்டுட்டா போச்சு

தேன்மொழி அக்கா: அழகுக்கு மட்டும் இல்ல சித்தப்பா. எலும்பு இல்லாத எடம் குழி விழுந்து மூளைய அமுக்கும். எந்திரிச்சு உக்காந்தா தலவலி, கிறுகிறுப்பு, கை கால் தளர்ச்சி வரும். பெரியப்பா போன வாரம் சொன்னது அதுதான்னு தோணுது

ஏற்காடு பாபு: டைட்டானியம் வலை நல்லதுன்றாங்களே

தேன்மொழி அக்கா: நல்லதுதான். ஆனா மேல தோல் மெல்லிசாகி வலை வெளிய தெரியறது உண்டு. பீக்ங்கற கெட்டி பிளாஸ்டிக் தட்டு ஸ்கேன் பார்த்து அளவா செய்வாங்க, விலை ரொம்ப அதிகம். சிமெண்ட் மலிவு, உறுதி. பெரிய பயம் கிருமிதான். அதுல ரத்த ஓட்டம் இல்ல, கிருமி ஒட்டிட்டா மருந்து போய்ச் சேராது, பெரும்பாலும் தட்டையே எடுக்கணும். தலைல புண்ணு, காய்ச்சல், நீர்க்கடுப்பு, சுகர் ஏத்தம், எது இருந்தாலும் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. தேதி தள்ளினாலும் பரவால்ல

செல்வி அத்தை: தள்ளினா நல்லது, பொங்கல் முடிஞ்சிடும்

குமார்: அத்தை 🙏

தேன்மொழி அக்கா: குமாரு, அவர் ஆஸ்பிரின் சாப்பிடறாரா? எப்ப நிறுத்தணும்னு டாக்டரக் கேளு. வலிப்பு மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க. தையல் பிரிக்கற வரைக்கும் காய்ச்சல், தண்ணி கசிவு, வீக்கம் வந்தா அப்பவே கூட்டிட்டுப் போங்க

குமார்: சரிக்கா. ராத்திரி கூட யார் இருக்கறது?

மணி சித்தப்பா: பார்க்கலாம்

செல்வி அத்தை: பார்க்கலாம்னா? கூடப் பொறந்தவரு நீங்கதான்

ஏற்காடு பாபு: ஒரு நாள் நான் இருக்கேன்

தேன்மொழி அக்கா: ஆஸ்பிரின் கேட்டேனே குமாரு?