கொலை நடந்த வீட்டுல பேய் படம் போடறாங்களாம், இந்த மாதிரி யாராச்சும் போயிருக்கீங்களா?

ஹலசூரு வாசி:
மக்களே ஒரு டவுட்டு. பெங்களூர் காக்ஸ் டவுன் பக்கம் ஒரு பழைய பங்களா, மங்களூர் ஓடு, மேல மரத்துல சின்ன கூரை மாதிரி வச்ச மங்கி டாப் ஜன்னல், வாசல்ல பெரிய தூங்குமூஞ்சி மரம், அந்த டைப்பு. வர்ற சனிக்கிழமை ராத்திரி ஒரு ஃபிலிம் கிளப் காரங்க அங்க தோட்டத்துல ப்ரொஜெக்டர் வச்சு பழைய இங்கிலீஷ் பேய் படம் ஒண்ணு போடறாங்க. டிக்கெட் 799, பாப்கார்ன் ஃப்ரீ. போஸ்டர்ல படத்து பேரு பொடி எழுத்துல இருக்கு, "நிஜமாவே கொலை நடந்த வீடு"ங்கறது தான் கொட்ட எழுத்துல. எங்க டீம்ல நாலு பேரு புக் பண்ணிட்டாங்க, எனக்கும் சேத்து. நான் பேய் படம்னா விடவே மாட்டேன், மிட்நைட் ஷோ தனியா போற ஆளு. அம்மா கிட்ட சொன்னா "காசு குடுத்து தோஷத்த வாங்கிட்டு வரப் போறியா"ங்கறாங்க. தோஷம் பேய் எல்லாம் எனக்கு பிரச்சனை இல்ல, ஆனா அந்த போஸ்டர பாத்ததுல இருந்து ஒரு மாதிரி நெருடுது, என்னன்னு சொல்லத் தெரியல. போன அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

மடிவாளா மச்சான்:
ப்ரோ பேய் வருதோ இல்லியோ கொசு கன்ஃபார்ம், ஃபுல் பேண்ட் போட்டுட்டு போ. அப்புறம் ராத்திரி 10 மணிக்கு மேல திறந்த வெளில ஸ்பீக்கர் வைக்கக் கூடாது, பக்கத்து வீட்டு அங்கிள் ஒருத்தர் 112க்கு அடிச்சாருன்னா பேய் வர்றதுக்கு முன்னாடி போலீஸ் ஹொய்சளா வண்டி வந்துரும் 😂

ஒயிட்ஃபீல்டு ரிட்டர்ன்:
நான் போயிருக்கேன், ஆனா இங்க இல்ல. அமெரிக்கால டல்லாஸ்ல ஆன்சைட் வேலைல இருந்தப்ப ரூம்மேட் ஒருத்தன் இழுத்துட்டு போனான், கார்ல கிட்டத்தட்ட மூணு மணி நேரம், டெக்சர்கானான்னு ஊரு. பாதி டெக்சஸ், பாதி ஆர்கன்சா, ஊருக்கு நடுவுல ஸ்டேட் பார்டர் போகுது. 1946ல பிப்ரவரில இருந்து மே மாசத்துக்குள்ள ஒருத்தன் அங்க ராத்திரில கார நிறுத்திட்டு பேசிட்டிருந்த ஜோடிங்க, கடைசியா வீட்டுக்குள்ள இருந்த ஒரு புருஷன் பொண்டாட்டின்னு எட்டு பேர தாக்கி அதுல அஞ்சு பேரு செத்துட்டாங்க. யாருன்னு இன்னிக்கு வரைக்கும் முடிவாகல. 1976ல சார்லஸ் பி. பியர்ஸ்னு ஒருத்தர் இத அந்த ஊர்லயே படமா எடுத்தாரு, 'தி டவுன் தட் ட்ரெடட் சன்டவுன்'. ஹாலோவீன் சமயத்துல அந்தப் படத்த ஸ்ப்ரிங் லேக் பார்க்ல ஓப்பன்ல போடறாங்க, ஃப்ரீ. செத்ததுல ஒரு ஜோடியோட கார் நின்னது அந்த பார்க் கிட்ட தான்.

நான் என்னமோ திகிலா இருக்கும்னு போனேன், பாத்தா நம்மூர் திருவிழால திரை கட்டி படம் போடற மாதிரி இருக்கு, மடக்கு சேர், கம்பளி, மடில பேரப் பசங்க. பக்கத்துல ஒரு தாத்தா, அந்த வருஷம் அவங்கப்பா ஜன்னல் எல்லாத்தையும் ஆணி வச்சு அடிச்ச கதைய படம் ஓட ஓட சொல்லிட்டே இருந்தாரு. படத்துல கொலைகாரன் ட்ராம்போன் வாத்தியத்து நுனில கத்திய கட்டி, ஊதி ஊதி ஒரு பொண்ண குத்தற சீன் ஒண்ணு வரும், எடுத்த விதத்துல கூட்டமே சிரிச்சுது, நானும் தான். ரூமுக்கு வந்து நெட்ல படிச்சா நிஜத்துல அந்த பொண்ணுக்கு 15 வயசு, ட்ராம்போனும் இல்ல கத்தியும் இல்ல, அவ வாசிச்சது சாக்ஸஃபோன், அன்னிக்கு ராத்திரி கூட பேண்ட்ல வாசிச்சிட்டு திரும்பிட்டிருந்தவள சுட்டுட்டான். சாக்ஸஃபோன் மட்டும் காணாம போய் ஆறு மாசம் கழிச்சு புதருக்குள்ள பெட்டியோட கெடச்சிருக்கு. அதுக்கப்புறம் அந்த சீன நெனச்சாலே வாய் கசக்குது.

கடைசி ஷாட்ல இதே படத்துக்கு க்யூல நிக்கற ஆளுங்க காலக் காட்டுவாங்க, அதுல கொலைகாரனோட ஷூ இருக்கும். அப்ப எங்க வரிசைல எல்லாரும் ஒரு செகண்ட் குனிஞ்சு பக்கத்து ஆள் காலப் பாத்தாங்க பாருங்க, அந்த ஒரு செகண்டுக்காக மறுபடி கூட போவேன். ஆனா ஒண்ணு, அது அவங்க ஊரு, அவங்க பயம், டிக்கெட்டும் கெடையாது. 799 வேற கணக்கு.

ரிச்மண்ட் டவுன் பையன்:
எல்லாரும் ரொம்ப நல்லவங்களா பேசறீங்க. ரிச்மண்ட் ரோடு கேஸ் ஞாபகம் இருக்கா? மைசூர் திவானா இருந்த மிர்சா இஸ்மாயிலோட பேத்திய, அவங்க ரெண்டாவது புருஷன் ஷ்ரத்தானந்தா 1991ல மயக்க மருந்து குடுத்து பெட்டில வச்சு வீட்டு காம்பவுண்டுக்குள்ளயே பொதச்சான். பொண்ணு அம்மாவ காணோம்னு 1992ல அசோக் நகர் ஸ்டேஷன்ல கம்ப்ளைன்ட் குடுத்தும் தோண்டி எடுத்தது 1994ல தான். தூக்கு தண்டனைய 2008ல சுப்ரீம் கோர்ட் மாத்தி, சாகற வரைக்கும் வெளிய விடக் கூடாதுன்னுச்சு. எங்க ஸ்கூல் வேன் அந்தப் பக்கம் போறப்ப "இதான்டா அந்த வீடு"ன்னு கண்ணாடில மூக்க ஒட்டிட்டு பாப்போம், தெரியறது வெறும் சுவரு. 2023ல அத வச்சு சீரீஸே வந்துச்சு, சோஃபால படுத்துட்டு சிப்ஸ் தின்னுகிட்டே ஒரே மூச்சுல முடிச்சேன், எனக்கு ஒண்ணும் நெருடல. சோஃபால பாத்தா சரி, தோட்டத்துல ஒக்காந்து பாத்தா பாவமா? போயிட்டு வாங்க ப்ரோ.

டெய்லர் வீட்டு பொண்ணு:
தூங்குமூஞ்சி மரம்னு படிச்சதுமே எந்த வீடுன்னு தெரிஞ்சு போச்சு. அந்த தெரு முனைல எங்கம்மா டெய்லர் கடை வச்சு முப்பது வருஷத்துக்கு மேல ஆகுது. அங்க செத்தது சமையல் வேல பாத்த ஒரு அக்கா, கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து வந்தவங்க. அந்த தீபாவளிக்கு ரெண்டு ப்ளவுஸ் தைக்க குடுத்திருந்தாங்க. அவங்க தம்பி வந்து தச்சத வாங்கிட்டு போனாரு, அளவு ப்ளவுஸ கேக்கவும் இல்ல, அந்த நேரத்துல எங்கம்மாவுக்கும் குடுக்கத் தோணல. நீலக் கலரு, அக்குள் கிட்ட பிரிஞ்சத அவங்களே கருப்பு நூல்ல பெரிய பெரிய தையலா போட்டிருப்பாங்க. இன்னும் மெஷின் டிராயர்ல பாபின், எண்ணெய் டப்பா கூட கெடக்கு, எடுத்துப் போடலாம்னா அம்மா விட மாட்டேங்கறாங்க.

போகாதீங்கன்னு நான் சொல்லல, உங்க காசு உங்க இஷ்டம். அந்த அக்காவோட பையன் இப்ப இந்த ஏரியாலதான் டெலிவரி ஓட்டறான். அன்னிக்கு ராத்திரி அந்த அட்ரஸுக்கு சாப்பாடு மட்டும் ஆர்டர் பண்ணாதீங்க.

மடிவாளா மச்சான்:
மேல போட்ட ஜோக்குக்கு சாரிங்க.

ஹலசூரு வாசி:
அக்கா, இத படிச்சிட்டு போஸ்டர திரும்ப எடுத்து ஜூம் பண்ணிப் பாத்தேன். கீழ ஓரத்துல "வேலைக்காரியின் ஆவி இன்னும் அடுப்படியில்"னு ஒரு வரி இருக்கு, அவங்களப் பத்தி அவ்ளோதான். நான் போகல. டிக்கெட் கேன்சல் பண்ண முடியாதாம், போகட்டும். டீம்ல மத்தவங்க போறாங்க, நான் சொல்லி நிக்கற ஆளுங்க இல்ல. சாப்பாடு ஆர்டர் பண்ண வேணாம், வர்றப்பவே கட்டிட்டு வாங்கன்னு மட்டும் க்ரூப்ல போட்டிருக்கேன், ஒருத்தன் தம்ப்ஸ் அப் போட்டிருக்கான், மூணு பேரு இன்னும் பாக்கல.