பணம் கட்டியும் ஜிஎஸ்டி கணக்குப் படிவம் 3பி போகவில்லை, இன்று கடைசி நாள். உதவுங்கள்

துணிப்பை, மாலை 4.10
வணக்கம். காலையிலேயே சலான் போட்டுப் பணம் கட்டிவிட்டேன். வங்கியிலிருந்து குறுஞ்செய்தியும் வந்துவிட்டது. ஆனால் 3பியில் திரும்பவும் பணம் கட்டச் சொல்கிறது. இன்னொரு தடவை கட்டக் கையில் காசு இல்லை. இன்று 20. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

பேரேடு, 4.18
மாதாமாதமா, காலாண்டுக்கு ஒருமுறை போடும் கியூஆர்எம்பியா? காலாண்டுக்காரர் என்றால் தமிழ்நாட்டுக்கு 22 வரை நேரம் இருக்கிறது. சலான் பட்டியலில் 'பெய்டு' என்று வந்திருக்கிறதா?

தறிச்சத்தம், 4.21
இது பிரவுசர் கோளாறு. கேச் எல்லாம் அழித்துவிட்டு வேறு பிரவுசரில் போய்ப் பாருங்கள். எனக்குப் போன வருடம் அப்படித்தான் சரியானது.

இரவுக்கணக்கு, 4.25
பிரவுசராக இருக்காது. வங்கி பணத்தைப் பிடித்திருக்கும், பணம் கட்டியதற்கு வங்கி அனுப்பும் எண்ணான சிஐஎன் போய்ச் சேர்ந்திருக்காது. சலானின் 14 இலக்க எண்ணான சிபிஐஎன்னைப் போட்டு சலான் நிலையைப் பாருங்கள்.

துணிப்பை, 4.32
மாதாமாதம்தான். பெய்டு என்றே காட்டுகிறது. பிரவுசர் மாற்றியும் அதேதான்.

மூத்தகணக்கர், 4.40
எந்த வரித் தலைப்பில் எவ்வளவு கட்டினீர்கள் என்று சொல்லாமல் யார் என்ன சொல்ல முடியும்? 2017 ஜூலையிலிருந்து இதே கேள்விக்குப் பதில் எழுதி வருகிறேன். கட்டிய பணம் தலைப்புவாரியாக இருக்கும் கேஷ் லெட்ஜரைத் திறந்து பார்த்தீர்களா? அதுகூடத் தெரியாதென்றால் ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

மிளகாய்மண்டி, 4.46
மாதாமாதம் ஆடிட்டருக்குக் கொடுக்கும் அளவுக்கு எல்லோருக்கும் வியாபாரம் ஓடுவதில்லை ஐயா. கடைசி நாளில் பதறிப்போய்க் கேட்கிறவரிடம் இப்படியா பேசுவது?

துணிப்பை, 4.51
லெட்ஜரில் சிஜிஎஸ்டி 9,200, எஸ்ஜிஎஸ்டி 9,200, ஐஜிஎஸ்டி 0. எப்போதும் பாதிப் பாதியாகத்தான் கட்டுவேன். இந்த மாதம் விற்றதெல்லாம் பெங்களூருக்குப் போன ஒரே ஆர்டர். அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

பேரேடு, 4.58
சிக்கல் அங்கேதான். சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இரண்டும் உள்மாநில விற்பனைக்கு, வெளிமாநில விற்பனைக்கு ஐஜிஎஸ்டி கட்ட வேண்டும். ஐடிசி, அதாவது வாங்கும்போது கட்டிய வரிக்கான வரவு என்றால் ஒரு தலைப்பில் இருப்பதை விதிப்படி இன்னொன்றுக்கு எடுக்கலாம், ரொக்கத்தை அப்படி எடுக்க முடியாது. ஆனால் உங்கள் பணம் எங்கேயும் போய்விடவில்லை, பயப்படாதீர்கள். இன்னொரு சலான் மட்டும் போட்டுவிடாதீர்கள்.
சர்வீசஸ், லெட்ஜர்ஸ், எலக்ட்ரானிக் கேஷ் லெட்ஜர் என்று போனால் அங்கே பணத்தைத் தலைப்பு மாற்றும் படிவமான பிஎம்டி-09 இருக்கும். முதலில் சிஜிஎஸ்டி டாக்ஸிலிருந்து ஐஜிஎஸ்டி டாக்ஸுக்கு 9,200. அதைச் சேர்த்துவிட்டு எஸ்ஜிஎஸ்டி டாக்ஸிலிருந்து அதே மாதிரி 9,200. இரண்டு பக்கமும் 'டாக்ஸ்' என்றே இருக்க வேண்டும். தவறி 'இன்ட்ரஸ்ட்' அல்லது 'ஃபீ'யில் விழுந்தால் வரிக்கு எடுக்காது, மறுபடி மாற்ற வேண்டிவரும். ஓடிபி போட்டு ஃபைல் செய்யுங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது.

இரவுக்கணக்கு, 5.06
இன்றைக்குள் முடியாவிட்டால் 18 சதவீத வட்டி உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

மிளகாய்மண்டி, 5.11
பணம்தான் கெடுவுக்குள் அரசுக்குப் போய்விட்டதே, எதற்கு வட்டி?

இரவுக்கணக்கு, 5.15
லெட்ஜரில் கிடந்தால் கட்டியதாகாது. 3பி போட்டு அது பற்றானால்தான் கட்டியதாகும்.

மூத்தகணக்கர், 5.24
அது பழைய கதை. 2024 ஜூலையில் விதி 88பியைத் திருத்திவிட்டார்கள். கெடு தேதிக்குள் லெட்ஜருக்கு வந்து, 3பி போடும்வரை அங்கேயே இருக்கும் தொகைக்கு வட்டி கணக்கிடக் கூடாது. ஆனால் தாமதக் கட்டணம் தனி. நாளுக்கு 50 ரூபாய், சிஜிஎஸ்டி 25, எஸ்ஜிஎஸ்டி 25.

இரவுக்கணக்கு, 5.31
வேறு தலைப்பில் இருந்த பணத்துக்கும் அது பொருந்துமா? அதிகாரி ஒத்துக்கொள்வாரா?

மூத்தகணக்கர், 5.37
கேஷ் லெட்ஜர் ஒன்றுதானே. விதியில் லெட்ஜர் என்றுதான் இருக்கிறது, தலைப்பு என்று இல்லை.

பேரேடு, 5.40
துணிப்பை, இந்த வாதத்தை விட்டுவிட்டு மாற்றும் வேலையைப் பாருங்கள். அப்புறம், அடுத்த மாதத்திலிருந்து முன்கூட்டியே சலான் போடாதீர்கள். 3பியை நிரப்பி, செலுத்தும் பக்கத்திலேயே 'கிரியேட் சலான்' அழுத்துங்கள். எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று அதுவே நிரப்பிக் கொடுக்கும்.

துணிப்பை, 6.35
3பி போய்விட்டது. ஏஆர்என் என்ற ஒப்புகை எண்ணும் வந்துவிட்டது. பேரேடு சாருக்கு ரொம்ப நன்றி.